ஏக்கர் கணக்கா, தண்ணீர்க் கணக்கா? செட்டிநாட்டு நிலத்தில் எந்தச் சாகுபடி தாங்கும்

செட்டிநாட்டில் நிலம் வைத்திருக்கிற குடும்பங்களில் ஒரே மாதிரியான பேச்சு அடிக்கடி நடக்கிறது. கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை, மேட்டில் மூன்று ஏக்கர் செம்மண் கொல்லை, இரண்டிலும் பாதி தரிசு. போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, வருஷம் முழுக்க ஏதாவது விளைந்துகொண்டே இருக்கிற மாதிரி தீவிரமாகச் செய்யலாமா? பழையபடி ஐப்பசி மழைக்கு ஒரு போகம் நெல் போதுமா? ரசாயனத்தை அடியோடு விட்டுவிட்டுப் பாரம்பரிய ரகமான கவுனி அரிசி விளைவித்து நல்ல விலைக்கு விற்கலாமா? இல்லை, தைல மர (யூகலிப்டஸ்) கன்றை நட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாமா?

நான்கு வழிக்கும் பரிந்து பேச ஆள் இருக்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்மாய் நிரம்புகிற அந்த ஒரு போகத்தை முழுக் கவனத்தோடு செய்து, அதன் பின்னால் உளுந்தும் மேட்டில் கடலையும் வைத்து, போரைப் பயிர் காயாமல் காப்பாற்ற மட்டும் வைத்துக்கொள்வதுதான் இந்த ஊரில் பணத்துக்கும் மண்ணுக்கும் தாங்கும். இதில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம் தண்ணீர்க் கணக்கு. அதைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

இங்கே பற்றாக்குறை எது?

தீவிரச் சாகுபடியை எடுத்த எடுப்பில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1960-களில் கப்பலில் வந்த கோதுமையை நம்பியிருந்த நாடு இது. ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரக நெல்லும் யூரியாவும் பாசனமும் சேர்ந்துதான் அந்த நிலையை மாற்றின. அதே ஏக்கரில் இரண்டு மடங்கு விளைந்தால் காட்டை அழித்து வயலாக்க வேண்டிய தேவை குறையும் என்று தீவிரச் சாகுபடிக்காரர்கள் சொல்வதும் நியாயம்தான். நிலம் குறைவாகவும் தண்ணீர் தாராளமாகவும் இருக்கிற இடத்தில் அந்த வாதம் நிற்கும்.

காரைக்குடியிலிருந்து கல்லல் பக்கமோ தேவகோட்டைப் பக்கமோ ஒரு முறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் மண்டிய தரிசு. இங்கே நிலத்துக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் தண்ணீருக்கும் ஆளுக்கும்தான். காவிரியைப் போன்ற ஆறு கிடையாது. பெரியாறு, வைகைத் தண்ணீர் சிவகங்கை மாவட்டத்தின் ஒரு பகுதிக்குத்தான் எட்டும். தேனாறு, மணிமுத்தாறு எல்லாம் மழை பெய்தால் ஓடுகிற ஆறுகள். வேலைக்கு ஆள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

எனவே, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டால் நமக்குத் தவறான பதில்தான் கிடைக்கும். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீருக்குக் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்க வேண்டும். பயிரை ஒப்பிடுகிற எவரும் இதை முதலில் செய்வதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர். நம் பக்கம் வருஷத்துக்குச் சுமாராக 900 மி.மீ. மழை, அதில் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவத்தில். அதாவது வானம் ஒரு ஏக்கருக்கு 36 லட்சம் லிட்டர் கொடுக்கிறது. ஆனால் எல்லாம் நம் பயிருக்கு இல்லை. ஓடுவது, ஆவியாவது போக, செம்மண்ணும் செம்பாறையும் கலந்த தரையில் நிலத்தடிக்கு இறங்குவது பத்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. 3.6 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் போருக்கு வருஷா வருஷம் வருகிற வரவு இவ்வளவுதான்.

இப்போது செலவைப் பாருங்கள். நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மி.மீ., அதாவது 48 லட்சம் லிட்டர். கரும்புக்கு 2,000 மி.மீ. அளவில், 80 லட்சம் லிட்டர். நிலக்கடலைக்கு 500 மி.மீ., 20 லட்சம் லிட்டர். உளுந்துக்கு 300 மி.மீ., 12 லட்சம் லிட்டர்.

கரும்பின் 80 லட்சத்தில் மழை ஒரு 24 லட்சத்தைக் கொடுத்துவிடும் என்று தாராளமாக விட்டாலும், மீதி 56 லட்சம் போரிலிருந்து வர வேண்டும். ஒரு ஏக்கரின் ஊற்று வரவு 3.6 லட்சம். ஆக, ஒரு ஏக்கர் கரும்பு பதினைந்து ஏக்கரின் நிலத்தடி வரவைக் குடிக்கிறது. பாய்ச்சியதில் கால் பங்கு திரும்பக் கீழே இறங்கும் என்று கழித்தாலும் பதினொரு ஏக்கருக்கு மேல். சொட்டுநீர் போட்டால் எட்டு ஏக்கர் அளவுக்குக் குறைக்கலாம். அப்போதும் மீதி ஏழு ஏக்கர் யாருடையது? பக்கத்துக் கொல்லைக்காரருடையது. அவரும் போர் போட்டுக் கரும்பு வைத்தால் இரண்டு பேருமே வருஷ வரவான வட்டியைத் தாண்டி, நிலத்தடி இருப்பான அசலில் கைவைக்கிறார்கள். வட்டிக்கணக்கு தெரிந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்படியானால் இங்கே நெல் மட்டும் எப்படி விளைந்தது என்று கேட்கலாம். அங்கேதான் கண்மாய் வருகிறது. கண்மாய் என்பது பல ஏக்கர் மேட்டு நிலத்தில் விழுகிற மழையை வரத்துக்கால் வழியாக இழுத்துவந்து சில ஏக்கர் செய்க்கு, அதாவது வயலுக்கு, கொடுக்கிற அமைப்பு. மேட்டில் கடலையோ மேய்ச்சலோ இருக்கும், அங்கிருந்து வழிகிற தண்ணீர் கீழே நெல்லாகும். மழை நெல்லுக்குப் போதாத ஊரில் நெல் விளைய இந்த ஏற்பாடுதான் வழி. நிரம்பிய கண்மாயின் உபரி நீர் கலுங்கு என்கிற வடிகால் வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். வீட்டு முற்றத்து மழையைக் கூட வீணாக்காத, தெருத் தண்ணீரை ஊருணிக்குத் திருப்பிவிட்ட ஊர்கள் இவை. வயலுக்கும் அதே புத்திதான்.

முதல் வழி: போரை நம்பிய தீவிரச் சாகுபடி

இதன் கவர்ச்சி புரிகிறது. மின்சாரம் இலவசம், சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது, வருஷம் முழுக்கக் கையில் பணம் புரளும். காய்கறி நல்ல விலைக்குப் போன ஒரு மாதத்தில் நெல் ஒரு வருஷம் தருவதைத் தந்துவிடும். கீரமங்கலம், வடகாடு பக்கம் பூவும் வாழையும் பலாவும் வைத்து முன்னேறிய குடும்பங்களை நம்மவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இலவச மின்சாரம் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. நீர்மட்டம் இறங்கும்போது கட்டணச் சீட்டு ஏறாததால், செலவு கண்ணில் படுவதே இல்லை. படுகிற நாளில் மொத்தமாகப் படுகிறது: மோட்டார் காற்றை இழுக்கிறது, இன்னும் ஆழமாகப் போட வேண்டும், பெரிய மோட்டார் வேண்டும், போட்ட போரில் தண்ணீர் வராமலும் போகலாம். வரவு செலவு எழுதுகிறவர்கள் விதை, உரம், கூலி எழுதுகிறார்கள். போருக்கான தேய்மானத்தை எழுதுகிற நோட்டை நான் பார்த்ததில்லை. ஒரு போர் பத்து வருஷம் ஓடும் என்று வைத்து அதன் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருஷமும் எழுதினால், பல தோட்டங்களின் லாபம் பாதியாகிவிடும்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அப்படி ஒரு வருஷத்தில் கண்மாய் நெல்லை நம்பியவருக்கு அந்த ஒரு போகம் நஷ்டம். வாழைக்கும் கரும்புக்கும் கடன் வாங்கியவருக்கு நஷ்டம் அடுத்த பல வருஷத்துக்கு நீளும். வருமானம் எவ்வளவு என்பதோடு, விழுந்தால் எவ்வளவு ஆழத்தில் விழுவோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல்லல் பக்கம் ஒரு பெரியவரிடம், "ஐயா, போர் போடலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டேன். "போடு தம்பி, போடுறதுல தப்பில்ல. கண்மாய்த் தண்ணி வத்துன பிறகு நெல்லுக்குக் கடைசி ரெண்டு தண்ணி அதுலதான் வரும். ஆனா போரைப் பாத்துட்டுப் பயிரை முடிவு பண்ணாத. பயிரை முடிவு பண்ணிட்டுப் போரைப் பாரு" என்றார். நெல்லில் கதிர் வருகிற சமயத்தில் ஒரு தண்ணீர் தவறினால் பாதிப் பதராகிவிடும். அந்த ஒரு தண்ணீரின் மதிப்பு, கோடையில் கரும்புக்கு விடுகிற இருபது தண்ணீரின் மதிப்பைவிடப் பெரியது. போருக்கு இங்கே அந்த வேலைதான் பொருத்தம்.

உரம்: கொட்டினால் விளைந்துவிடாது

தீவிரச் சாகுபடியின் இன்னொரு கால் யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. உண்மையான விலை அதைப் போலப் பல மடங்கு, மீதியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கிறது. விலை மலிவாக இருப்பதால் கை தாராளமாக நீள்கிறது. மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், சுமார் 20.7 கிலோ. தண்ணீர் நிற்கிற நெல் வயலில் அதில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் இரண்டு பங்குதான் பயிருக்குப் போய்ச் சேர்கிறது. மீதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்குகிறது, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகிறது. இந்த வாயு புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல் வலுவானது.

நம் செம்மண்ணுக்குத் தனிச் சிக்கலும் உண்டு. இதில் அங்ககக் கரிமம் குறைவு. இரும்பும் அலுமினியமும் கூடுதலாக இருப்பதால் போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸை) மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மணிச்சத்து உரமான டி.ஏ.பி. மூட்டையை இரண்டாக்கினால் விளைச்சல் இரண்டாகாது. மக்கு, அதாவது மட்கிய தழையும் சாணமும், சேர்ந்தால்தான் இந்த மண் உரத்தையும் தண்ணீரையும் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொடுக்கும்.

இங்கே வீட்டுப் பணம் அதிகம் போகாத இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கண்மாய் வண்டல். கோடையில் வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து விலையில்லாமல் எடுக்கலாம், வண்டி வாடகைதான் செலவு. சரளைக் கொல்லையில் வண்டலைப் பரப்பி உழுத பிறகு மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் வித்தியாசம் தெரியும்: முன்பு விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது, இப்போது லேசாக உருண்டையாகி நிற்கும். மழை விட்டுப் பத்து நாள் ஆனாலும் அடியில் ஈரம் இருக்கும். கண்மாயும் ஆழமாகும். இரண்டாவது, ஆட்டுக் கிடை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) மந்தையோடு வருகிற கோடை மாதங்களில் சில இரவு ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட்டால், ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்கு. வண்டி வேண்டாம், கூலி வேண்டாம், கீதாரிக்குக் கொடுக்கிற கிடைக்கூலி மட்டும். நிலத்தில் பசுந்தாள் உரச் செடியான கொழிஞ்சியை விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுவதும் நல்லதுதான், அதற்கு முன்மழை கைகொடுக்க வேண்டும்.

இதற்கு மேல் யூரியா வேண்டுமானால் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடலாம். நெல் இலையின் பச்சை, அட்டையில் 4-ஆம் எண் நிறத்துக்குக் கீழே வெளுத்தால் மட்டும் போட வேண்டும். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3. பக்கத்து வயல்காரர் போட்டார் என்று போடுகிற பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

இயற்கை வேளாண்மையும் கவுனியும்

கவுனி அரிசி நம் விருந்தின் அடையாளம். கல்யாண வீட்டில் கவுனி அரிசி இனிப்பு இல்லாமல் செட்டிநாட்டு இலை நிறையாது. நகரங்களில் இப்போது கருப்புக் கவுனிக்கு நல்ல கிராக்கி, சாதாரண நெல்லைவிடப் பல மடங்கு விலை. அப்படியானால் மொத்த நஞ்சையையும் கவுனிக்கு மாற்றிவிடலாமா?

மூன்று விஷயம் தடுக்கிறது. கவுனி அதிக நாள் எடுக்கிற பயிர். கார்த்திகையோடு மழை நின்றுபோன வருஷத்தில் மாசி வரை கண்மாய்த் தண்ணீர் நிற்காது. இரண்டாவது, உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. மூன்றாவது, அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கவுனிக்கென்று தனி விலை கிடையாது. நாமே ஆள் பிடித்து அரைத்து விற்க வேண்டும். பத்துப் பேர் விளைவிக்கும்போது நல்ல விலைக்குப் போவது, ஆயிரம் பேர் விளைவித்தால் போகாது. அரை ஏக்கர், அதிகம் போனால் ஒரு ஏக்கர். வாங்குகிறவர் யாரென்று விதைப்பதற்கு முன்பே தெரிந்திருந்தால் மட்டும்.

ரசாயனத்தை ஒரே வருஷத்தில் நிறுத்துவதைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்வேன். 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின, சில மாதத்தில் நவம்பருக்குள் தடையை விலக்கிக்கொள்ள வேண்டிவந்தது. மண்ணில் மக்கு இல்லாமல், தொழுவில் மாடு இல்லாமல், களையெடுக்க ஆள் இல்லாமல் இயற்கைக்குத் தாவினால் ஒரு ஏக்கரில் என்ன நடக்குமோ அதுதான் ஒரு நாட்டில் நடந்தது. முதலில் மக்கைக் கூட்டுங்கள், அப்புறம் மூட்டையைக் குறையுங்கள். நான்கைந்து வருஷம் எடுக்கும். இந்த வரிசையில் போனால் விளைச்சல் விழாமல் போகலாம்.

தைல மரம்

இதைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. நட்டு நான்கைந்து வருஷத்தில் காகித ஆலைக்கு வெட்டலாம், ஆள் வேண்டாம், ஆடு கடிக்காது. தூரத்தில் இருக்கிறவருக்கு இதைவிடச் சுலபம் இல்லை. ஆனால் இதன் செலவை வேறொருவர் கொடுக்கிறார். ஆழமாக வேர் விட்டு மண் ஈரத்தை உறிஞ்சுவது ஒரு பக்கம் இருக்கட்டும். தோட்டத்தைச் சுற்றி வெட்டுகிற அகழியும் வரப்பும் மழைநீரை அங்கேயே நிறுத்திவிடுவதால், கீழே இருக்கிற கண்மாய்க்கு வரத்து குறைகிறது. மேட்டு நிலத்துக்காரரின் சுலபம், கீழ் நஞ்சைக்காரரின் நெல்லைத் தின்கிறது. பிறகு மனம் மாறி விவசாயம் செய்ய நினைத்தால் கட்டைகளைத் தோண்டி எடுப்பதற்கே பெரிய செலவு. மரம்தான் வேண்டும் என்றால் கொல்லையின் ஓரங்களில் முந்திரி வைக்கலாம், சரளையில் வரும், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம்.

பணத்தை எதிரெதிரே வைத்தால்

2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண ரக நெல்லுக்கு, ஊக்கத்தொகையோடு சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். உளுந்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 7,800. நிலக்கடலைக்கு 7,263. கரும்புக்கு 2024-25-ல் பிழிதிறன் (கரும்பிலிருந்து கிடைக்கிற சர்க்கரையின் அளவு) 9.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மத்திய அரசின் விலை டன்னுக்கு 3,151, மாநில ஊக்கத்தொகை தனி.

கீழே வருகிற விளைச்சலும் செலவும் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் நோட்டில் இருக்கிற எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், வரிசை பெரிதாக மாறாது என்றுதான் நினைக்கிறேன்.

கரும்பு ஏக்கருக்கு 40 டன், வரவு 1,26,000, வெட்டுக்கூலியோடு செலவு 80,000, மிச்சம் 46,000. நெல் 25 குவிண்டால், வரவு 62,500, செலவு 35,000, மிச்சம் 27,500. கடலை 8 குவிண்டால், வரவு 58,000, செலவு 35,000, மிச்சம் 23,000. உளுந்து இரண்டரை குவிண்டால், வரவு 19,500, செலவு 8,000, மிச்சம் 11,500.

ஏக்கர் கணக்கில் கரும்பு முதலிடம், உளுந்து கடைசி. இதைப் பார்த்துத்தான் எல்லாரும் முடிவெடுக்கிறார்கள். தண்ணீரால் வகுத்துப் பாருங்கள். ஒரு லட்சம் லிட்டருக்குக் கரும்பு 575 ரூபாய் தருகிறது, நெல் 570 ரூபாய். உளுந்து 950-ஐத் தாண்டுகிறது. கடலை 1,150. மேலே இருந்த இரண்டும் கீழே போய்விட்டன. அதிலும் கரும்பின் தண்ணீரில் பெரும்பகுதி போரிலிருந்து வந்த அசல், நெல்லின் தண்ணீர் கண்மாய் கொடுத்த வட்டி. நெல் அறுத்த வயலில் உளுந்து குடிப்பதோ பெரும்பாலும் மண்ணில் மிஞ்சிய ஈரம்.

கரும்புக்கு ஆலையில் பணம் வரத் தாமதமாகும், அதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். காய்கறியை இந்த வரிசையில் வைக்கவில்லை, அதன் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் எந்த எண் போட்டாலும் பொய்யாகிவிடும். வீட்டருகே கால் ஏக்கர், தினமும் போய்ப் பார்க்க ஆள் இருந்தால் செய்யலாம்.

அந்த ஒரு போகத்தைத் தீவிரமாகச் செய்வது

நான் தீவிரச் சாகுபடிக்கு எதிரி இல்லை என்றேன். தீவிரத்தை எங்கே வைப்பது என்பதுதான் என் கவலை. புரட்டாசி முதல் தை வரை உள்ள அந்த ஐந்து மாதத்தில் வைக்க வேண்டும்.

ரகத் தேர்விலிருந்து தொடங்குகிறது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 2009-ல் வெளியான அண்ணா 4, நூறு முதல் 105 நாளில் அறுவடைக்கு வரும், வறட்சியைத் தாங்கும், சிவகங்கை, ராமநாதபுரம் மானாவாரிக்கென்றே வந்த ரகம். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டால் நாற்றங்காலுக்கும் நடவுக்கும் கண்மாய்த் தண்ணீர் செலவாகாது. மழை முளைக்க வைக்கும், கண்மாய் வளர்த்தெடுக்கும். கண்மாய் நன்றாக நிரம்பிய வருஷத்தில் திருந்திய நெல் சாகுபடி செய்யலாம்: ஏக்கருக்கு மூன்று கிலோ விதை, 14 நாள் நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு, கோனோ வீடர் என்கிற உருளைக் கருவியால் களையெடுப்பு. விதை மிச்சம், தண்ணீர் மிச்சம். சதுரமாக நடத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பாடு.

தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்கத் தேவையில்லை. துளை போட்ட ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை வயலில் புதைத்து, அதனுள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் விட்டால் விளைச்சல் குறையாது. பூக்கிற சமயம் மட்டும் காயவிடக் கூடாது. தேங்கிய வயலிலிருந்து கிளம்புகிற மீத்தேன் இதனால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். மடையைத் திறப்பது ஊர்முறைப்படி நடப்பதால் ஒரு வயலுக்கு மட்டும் இதைச் செய்வது கஷ்டம், ஒரே மடையில் பாய்கிற நாலு பேர் பேசி வைத்துக்கொண்டால் நடக்கும். மிச்சமாகிற தண்ணீர்தான் தை மாதத்தில் கடைமடைக்காரரைக் காப்பாற்றும்.

உளுந்தில் ஒரு நுணுக்கம். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தூவுவது டெல்டா பழக்கம். அங்கே களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நம் நஞ்சையில் கண்மாய்க்கு ஒட்டிய களிச்செய்களில் மட்டும் அது எடுபடும், மேலே போகப்போக மணல் கூடுவதால் முளைத்தது காய்ந்துவிடும். செயின் வைத்த அறுவடை மெஷின் இறங்கினால் முளைத்த உளுந்தும் நசுங்கும். அப்படிப்பட்ட செய்களில் அறுத்த கையோடு ஒரு உழவு ஓட்டி விதைத்துவிடுவது மேல். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் பயறு ஆராய்ச்சி மையமே இருக்கிறது, வம்பன் 8 போன்ற ரகம் 65, 70 நாளில் ஒரே சமயத்தில் காய்த்து முடியும், மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும். பூக்கிறபோது இரண்டு சதவீத டி.ஏ.பி. கரைசலைத் தெளித்தால் காய் நன்றாகப் பிடிக்கும். உளுந்து வேர் முடிச்சில் சேர்க்கிற தழைச்சத்து அடுத்த நெல்லுக்கு உதவும், அந்த அளவுக்கு யூரியாவைக் குறைக்கலாம்.

மேட்டுக் கொல்லையில் கடலை. ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக ஒன்று. போரில் தண்ணீர் இருந்தால் மார்கழி, தையில் தெளிப்பு நீரில் ஒன்று. வருஷா வருஷம் கடலையே போட்டால் நோய் சேரும், இடையில் கேழ்வரகோ துவரையோ வர வேண்டும். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த மண்ணுக்கு எந்த ரகம் என்று கேட்க வெளியூர் போக வேண்டியதில்லை.

பயிர்க் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காயவையுங்கள். தை மாதத்துப் பனியில் இது சாதாரண வேலை இல்லை, களம் இல்லாதவர்கள் தார்ப்பாயோடு ரோட்டோரம் காத்துக் கிடப்பதைப் பார்க்கிறோம்.

ஊரில் இல்லாதவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் நிலத்துக்காரர் ஊரில் இருந்தால் சரி. செட்டிநாட்டில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர் வெளியூரில். அவர்கள் வாய்ப்பேச்சில் ஒரு வருஷக் குத்தகைக்கு விடுகிறார்கள். அடுத்த வருஷம் இந்த நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் வண்டல் அடிப்பாரா, கிடை போடுவாரா? யூரியாவைத்தான் போடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. மண்ணை ஏற்றுவதில் போடுகிற பணம் மூன்றாம் வருஷம்தான் திரும்பும்.

ஆகவே குத்தகையைக் குறைந்தது ஐந்து வருஷத்துக்கு எழுத்தில் கொடுங்கள். முதல் இரண்டு வருஷம் குத்தகையைக் குறைத்து, அதற்குப் பதிலாக வண்டலும் கிடையும் இத்தனை முறை என்று எழுதிக்கொள்ளலாம். கண்மாய் நிரம்பாத வருஷத்தில் குத்தகை இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். போர் இருந்தால் அதில் கரும்பும் வாழையும் வைக்கக் கூடாது என்று இன்னொரு வரி. காப்பீட்டு இழப்பீடு வந்தால் அது உழுதவருக்கே போக வேண்டும் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். புழுதி உழவு ஆடியில் தொடங்கிவிடும், வண்டல் எடுக்கக் கண்மாய் காய்ந்திருக்க வேண்டும். பேச்சை மாசி, பங்குனியில் முடித்தால்தான் இந்த வருஷத்துக்கு ஆகும்.